வலப்பக்கத்து நரை

"அக்கா தங்கச்சி மாதிரியே இல்லையேம்மா" என்று ரூயின் தலையில் கைவைத்துக்கொண்டாள். "பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவங்களாட்டம் ஒட்டாம நிக்கிறீங்க."

தலைச்சாயம் தோய்ந்த பிரஷ்ஷும் கையுமாக அம்மா முறைத்தாள். "அக்கா தங்கச்சின்னா இவ்வளவுதான் இருக்கும். வேற எப்படி நிக்கிறதாம்?"

கழுத்தில் துண்டோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள் பெரியம்மா. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. ரூயின் சிறுமியாக இருந்தபோது, அப்பா விவாகரத்து வாங்கிக்கொண்டு பிரிந்த அதே வருஷம், சீனாவின் செங்டு நகரத்தில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தவள், அப்புறம் திரும்பிப் போகவேயில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஊரைச் சொல்வாள். மறதி, பாவம், என்று ரூயின் விட்டுவிட்டாள்.

ரூயின் கைக்காசைப் போட்டு எடுக்கும் படம், தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு பெண்களின் காதல் கதை. கடைசிக் காட்சியில் அவர்கள் கிழவிகளாகிவிடுகிறார்கள். அதில் நடிக்க ஒப்புக்கொண்டவர்கள், மருமகள் என்ன நினைப்பாளோ என்று கழன்றுகொண்டார்கள். வேறு வழியில்லாமல், "தங்கை அக்காவுக்குத் தலைச்சாயம் பூசுகிற காட்சி" என்று புளுகி வீட்டிலேயே ஆள் பிடித்திருந்தாள். வசனத்தை அப்புறம் மாற்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேமராவுக்குப் பின்னால் நிற்கும் மெங் வெறும் சிநேகிதி இல்லை என்பதும் அம்மாவுக்குத் தெரியாது. குட்டு உடைந்தால் படமும் போச்சு, இந்த வீட்டுப் படியேறுவதும் போச்சு.

"ரூயின், இன்னும் ஒரு தடவைதான் எடுக்க முடியும்" என்றாள் மெங். "இடப்பக்கம் முழுக்கக் கறுத்துடுச்சு. வலப்பக்கம்தான் கொஞ்சம் நரை மிச்சம்."

"விட்டா எனக்கு மொட்டையே அடிச்சுடுவா உன் பொண்ணு" என்றாள் பெரியம்மா.

இனி மறைத்துப் பயனில்லை. ரூயின் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"அக்கா தங்கச்சி இல்லம்மா. படத்துல நீங்க ரெண்டு பேரும் காதலிச்சவங்க. ஒண்ணாவே வாழ்ந்து வயசானவங்க. நானும் மெங்கும்கூட அப்படித்தான்."

பிரஷ் எந்த நிமிஷமும் தன் மூஞ்சிக்குப் பறந்து வரும் என்று ரூயின் நின்றாள்.

"மெங், கேமரா ஓடுதா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

பிறகு பெரியம்மாவின் காது மடலை விரலால் மடக்கிப் பிடித்து, சாயம் படாமல் பூச ஆரம்பித்தாள். நெற்றியில் வழிந்ததைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தாள். பெரியம்மா கண்ணை மூடி, அம்மாவின் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நல்ல சட்டை கறையாவதைப் பற்றி அம்மா கவலைப்படவில்லை. மெங் மூக்கை உறிஞ்சினாள்.

ரூயின் சந்தோஷத்தில் கைதட்டினாள். "என்ன நடிப்பும்மா. இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

அம்மா பிரஷ்ஷைக் கிண்ணத்தில் போட்டாள்.

"இதுவா நடிப்பு? உன் முன்னாடி இத்தனை வருஷமா அக்கா தங்கச்சியா இருந்தோமே, அதுதாண்டி நடிப்பு."