ஆயிரமாவது யூனிட்

ஏப்ரல் 16, செவ்வாய்.

காலையில் அம்மாவிடம் தப்பான கணக்கைச் சொல்லிவிட்டேன். 958 யூனிட் என்றேன். அது ஞாயிறு வரைக்குமான கணக்கு. திங்கட்கிழமையை விட்டுவிட்டேன்.

மின்சாரக் கம்பெனியின் இணையதளம் எப்போதும் ஒரு நாள் பின்தங்கித்தான் காட்டும். எண்ணைப் பார்க்கும் முன் தேதியைப் பார் என்று ஏசி பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் வாரம் தவறாமல் சொல்கிறார்கள். அதை நோட்டில் அடிக்கோடு போட்டுக்கூட வைத்திருக்கிறேன்.

எங்கள் ஹூஸ்டனில் வீட்டுக்கு வரும் கம்பி ஒன்றுதான். அதில் மின்சாரம் விற்க எத்தனையோ கம்பெனிகள், ஆளுக்கொரு திட்டம். எங்களுடையது இது: மாதத்தில் ஆயிரம் யூனிட்டைத் தொட்டால் பில்லில் நூற்றிருபது டாலர் தள்ளுபடி. 999 என்றால் ஒன்றும் கிடையாது.

அக்கா கிராசியேலா இருந்தவரை ஆயிரம் தானாக வந்துவிடும். அவளுடைய ஹேர் டிரையர் ஒன்றே போதும் என்று அம்மா திட்டுவாள்.

ஐந்து வாரம் முன்பு அக்கா தன் காதலன் துவெயினோடு வாழப் போய்விட்டாள், கல்யாணம் செய்துகொள்ளாமல். அன்றிலிருந்து அம்மா அவளுக்குப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை. முதலில் யார் பேசுவது என்பதுதான் சிக்கல்.

இன்று நள்ளிரவோடு பில் மாதம் முடிகிறது. இன்றைக்கு முப்பது யூனிட் ஓடினாலும் பன்னிரண்டு குறையும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

நாலு மணிக்குத் திரும்பினால், பட்டப்பகலில் வீட்டின் எல்லா விளக்குகளும் எரிந்தன. ஜன்னல்கள் திறந்திருக்க, ஏசி ஓடியது. அறை அறையாக எங்கள் பின்னாலேயே வந்து விளக்கை அணைக்கும் அம்மா, காலி ஓவனைச் சூடாக்கிவிட்டுக் கையில் போனோடு நின்றாள். மறுமுனையில் அக்கா.

"அழுக்குத் துணி எவ்ளோ இருக்கோ, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வா. யூனிட் குறையுது." கொஞ்சம் நிறுத்தினாள். "அவனோடதையும்தான்."

இருபது நிமிடத்தில் வந்துவிட்டார்கள். நாலு மூட்டைகளையும் துவெயின்தான் சுமந்தான்.

"நான் இல்லாம உங்களால கரண்டைக்கூட செலவு பண்ண முடியலையாம்மா?" என்றாள் அக்கா, வாசற்படியிலேயே.

அம்மா துவெயினுக்கு மக்காச்சோள மாவில் செய்த டமாலேக்களை மைக்ரோவேவில் ஒவ்வொன்றாகச் சூடாக்கிக் கொடுத்தாள். மொத்தமாக வைத்தால் யூனிட் ஏறாதாம். அவன் ஏழு தின்றான்.

பிறகு அக்காவைத் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னாள். ஹேர் டிரையரைத் தானே கையில் எடுத்துக்கொண்டாள். அரை மணி நேரம். முடி காய்ந்த பிறகும் நிறுத்தவில்லை. அக்காவும் எழுந்திருக்கவில்லை.

ஆறரைக்கு வகுப்புக்குக் கிளம்பும்போதுதான் எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு மீட்டரைப் பார்க்க ஓடினேன்.

மீட்டருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலில் ஒரு கழித்தல் கணக்கு, அம்மாவின் கையெழுத்தில். மாதத் தொடக்கத்தில் மீட்டர் காட்டிய எண், அதற்கு மேல் இன்று காட்டிய எண். விடை 1,003. அதன் அடியில் இன்றைய தேதி, நேரம்: மதியம் 1.10.

அவள் அக்காவுக்குப் போன் செய்தது நாலு மணிக்கு.

உள்ளே போய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. துணி உலர்த்தும் இயந்திரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம்.

இந்தக் கம்பெனியோடு எங்கள் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை முடிகிறது. மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்து, ஆயிரம் யூனிட் நிபந்தனை இல்லாத வேறொரு திட்டத்தைத் தேர்ந்து வைத்திருந்தேன். நாங்கள் இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு அதுதான் மலிவு. அந்தக் கணக்கில் தப்பில்லை. இப்போதுகூட ஒருமுறை சரிபார்த்தேன்.

நாளை செய்ய வேண்டியது: காலை எட்டு மணிக்குக் கம்பெனிக்குப் போன் செய்து, பழைய திட்டத்தையே இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கச் சொல்ல வேண்டும்.