கடைசி எச்சரிக்கை

அய்யம்மாள் ஸ்பீக்கரில் போட்டிருந்த போன் பேச்சைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸ் ஜாஸ்பின் பதறி ஓடிவந்தாள்.

"உங்க பேருக்கு வந்த பார்சல்ல போதை மருந்து இருக்கும்மா. இதுதான் கடைசி எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்துருவோம்!" என்று ஒருவன் மிரட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டாயம் வாங்க சார். சாப்பிட்டீகளா?" என்றாள் அய்யம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக.

பேச்சு முடிந்ததும் ஜாஸ்பின் வெடித்தாள்.

"மோசடிக்காரன்கிட்ட என்னக்கா இம்புட்டு உபசாரம்?"

"எம்மவன் பாண்டி தாயி அது! கம்ப்யூட்டர் வேலைன்னு கம்போடியாவுக்குக் கூட்டிட்டுப் போயி, அடைச்சு வச்சு, இப்படிப் பேசச் சொல்லி அடிக்கிறாங்க. உசுரோட இருக்கேன்னு சொல்லத்தான் எனக்கும் அப்பப்ப ஒரு மிரட்டல் போடுவான். அவனை மீட்டுத் தரச் சொல்லி கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்த மனு பலிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை வாரான்!"

ஜாஸ்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தனை மணிக்குன்னு கேட்டீகளாக்கா?"

"மிரட்டுறவன்கிட்ட பஸ் நேரமா கேக்க முடியும்?"