மங்கல் பக்கம் கீழே

சுவரில் மாட்டி முடித்து இரண்டடி பின்னால் வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, படத்தை நான் இடம் வலமாக மாற்றிப் பிரிண்ட் போட்டிருக்கிறேன்.

அதுவும் எந்தப் படத்தை? கண்காட்சியின் நடுச்சுவரில், எல்லாவற்றிலும் பெரியதாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் படத்தை.

நெகட்டிவை வைக்கும்போது மினுங்கும் பக்கம் மேலே, மங்கல் பக்கம் கீழே. இருட்டறையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஏனென்றால் எல்லாம் தெரியும் என்று சொல்லி வேலையில் சேர்ந்தவன் நான். அதற்கு முன் எனக்கும் போட்டோவுக்கும் இருந்த தொடர்பெல்லாம், கல்யாண வீட்டு குரூப் படங்களில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதுதான்.

கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய தெரு. போலந்தில் ஓர் ஊர். பெயரைச் சொல்லப் போனால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். போரில் தரைமட்டமாகி, முன்பு இருந்தபடியே மறுபடியும் கட்டிய ஊர்.

எடுத்தவர் திருமதி ஹாலினா. அங்கே பிறந்து, போரில் தப்பி, சிட்னிக்கு வந்தவர். முப்பது வருஷம் கழித்து, போன வருஷம்தான் திரும்பிப் போய், கேமராவோடு தெருத் தெருவாக நடந்திருக்கிறார். இந்தப் பெரிய படத்தில் இருப்பது அவர் பிறந்த வீடு.

பக்கத்துக் கடைப் பலகையில் எழுத்துகள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

எங்கள் ஸ்டூடியோவில் சட்டம் போடும் நித்தியானந்தனைக் கூப்பிட்டுக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"ஐசே, ஏன் நடுங்கிறீர்? இவையின்ர எழுத்து நேராப் பாத்தாலும் இப்பிடித்தான் இருக்கும். ஒருத்தருக்கும் விளங்காது."

"சார், பார்க்க வர்றவங்க எல்லாருமே அந்த ஊர்க்காரங்கதான்!"

"ஓம், அது ஒரு பிரச்சினைதான்" என்றவர், ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போன மாதம்தான் ஓர் ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தலையை ஓரத்தோடு வெட்டியிருந்தேன். இன்னொரு தப்பு செய்தால் வேலை இல்லை என்று முதலாளி ஹாரிஸ் சொல்லிவிட்டார். வேலை போனால் என் மனைவி கிரிஜாவின் விசாவும் போகும். மதுரையில் அவள் பெட்டி கட்டி வைத்துவிட்டாள். ஊறுகாய்கூடப் போட்டாகிவிட்டதாம்.

சிட்னியின் ஆஷ்ஃபீல்டு பகுதியில் இருந்த அந்தக் கண்காட்சி மண்டபத்துக்குள் தொப்பி வைத்த பெண்களும் கோட்டு போட்ட கிழவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஹாரிஸ் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

திருமதி ஹாலினா யாரிடமும் நிற்காமல் நேரே நடுச்சுவருக்கு வந்தார்.

பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

தூணுக்குப் பின்னால் ஒளியலாம் என்றால், தூண் என்னைவிட ஒல்லி.

ஹாரிஸ் வந்துவிட்டார். "எப்படி வந்திருக்கிறது, மேடம்?"

"நான் கேட்டபடியே" என்றார் அவர்.

ஹாரிஸ் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்த ஊரில் கருகிய கேக்கைக்கூட 'லவ்லி' என்றுதான் சொல்வார்கள். இப்போது என்னைக் காப்பாற்றிவிட்டு நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வந்து கத்தினால்? அல்லது, பாவம், கண் சரியாகத் தெரியவில்லையோ? அவருடைய சொந்த வீட்டையல்லவா திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன்.

தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய், எனக்கு வந்த இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் கேட்டேன்: "இது இடம் வலமாக மாறியிருக்கிறது. நான் செய்த தப்பு. உங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லையா?"

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பார்த்தவுடனே தெரிந்தது. திரும்பக் கட்டியவர்கள் எங்கள் கதவை இடப்பக்கம் வைத்துவிட்டார்கள். போன வருஷம் அதன் முன்னால் போய் நின்றேன். தட்டக் கை வரவில்லை. என் அம்மா கடைசியாக எனக்குக் கையசைத்த கதவு வலப்பக்கம் இருந்தது."