சுவரில் சாய்ந்தபடி

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் கூடத்தை அளக்கிறார். டேப் சர்ரென்று நீண்டு, டக்கென்று சுருண்டுகொள்கிறது. விவாகரத்துக்கு இருவரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது; பாக்கி இந்த வீடுதான். இவர் போடும் மதிப்பு குறைந்தால் வீட்டுக்கடன் மனைவியின் பெயருக்கு மாறாது, வீட்டை விற்றாக வேண்டும். விற்றால் பாதிப் பணம் கணவனுக்கு. அவனோ வந்ததிலிருந்து குளியலறையை ஒட்டிய சுவரில் முதுகைச் சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். ஜன்னல் வெயில் அவன் கால் வரைக்கும் வந்துவிட்டது. “உட்காருங்களேன் சார்” என்கிறார் மதிப்பீட்டாளர். “இடுப்புப் பிடிப்பு சார். உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது.” மனைவி காபி டம்ளரை நீட்டுகிறாள். “அது எப்பவுமே அப்படித்தான். அந்த சோபாவைக் கேளுங்க, சொல்லும்.” மதிப்பீட்டாளர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடுகிறார். “வீடு நல்லா இருக்கு மேடம். கடன் உங்க பேருக்கு மாறிடும்.”

வாசல் கேட் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் சுவரை விட்டு நகர்கிறான். அங்கே தாம்பாளம் அகலத்துக்கு ஈரம் ஊறிப் பூச்சு பொரிந்திருக்கிறது. அவன் சட்டை முதுகெல்லாம் நனைந்து வெள்ளைத் தூள். “உள்ளே குழாய் ஒழுகுது, மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.” “நாளைக்கு வந்து மாத்திடறேன்.” “வேணாம். இனிமே நான் பாத்துக்கறேன். திரும்புங்க.” அவன் திரும்புகிறான். அவள் தூளைத் தட்டிவிடுகிறாள். எல்லாம் உதிர்ந்த பிறகும் கை தட்டிக்கொண்டே இருக்கிறது.