நாற்பதுக்குள்

இருநூற்றுப் பதினேழாவது பதிவில் அவன் பெயர் இருந்தது.

வரன் பெயர்: மா. குலசேகரன். வயது: 39. கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு, வந்து சேர்ந்துவிட்டது.

அவனுக்கு நாற்பத்திரண்டு.

வேறு யாரோ ஒரு குலசேகரன் என்று நினைக்கப் பார்த்தான். புகைப்படத்தைத் திறந்தால் அவனேதான். அக்கா மகள் காதுகுத்தில் எடுத்தது. பக்கத்தில் நின்ற மாமாவை வெட்டியிருந்தாலும் அவருடைய தோள் மட்டும் மிச்சம் இருந்தது.

தொடர்பு எண் அம்மாவுடையது.

சங்கம் நடத்தும் வரன் அறிமுக விழாவுக்கு இணையப் பதிவைக் கவனிப்பது மூன்று வருடமாக அவன் வேலை பார்க்கும் நிறுவனம்தான். படிவம் அவன் செய்தது. வரும் பணத்தைச் சரிபார்ப்பதும் அவன்தான். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. மகன் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான் என்பதோடு நிறுத்திக்கொண்டவள்.

பதினோரு வருடம் பெண் பார்த்தாகிவிட்டது. இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று போன தை மாதம் சொன்னான். சரிப்பா என்று தலையாட்டினாள். இன்று காலையிலும் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்து வாசல் வரை வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது.

மாப்பிள்ளைகளுக்கு வயது நாற்பதுக்குள் என்பது சங்கத்தின் விதி. நாற்பதோ அதற்கு மேலோ போட்டால் பணம் கட்டும் பக்கம் திறக்காது. அப்படி வைத்ததும் அவன்தான். வயதைக் குறைத்துப் போட்டு உள்ளே வரும் கெட்டிக்காரர்கள் எப்போதும் உண்டு. அவர்களை ஜாதகத்தில் இருக்கும் பிறந்த தேதியோடு ஒத்துப் பார்த்துப் பிடித்து, பணத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இந்த வாரம் மட்டும் எட்டுப் பேர். அதில் ஒருவர் விருதுநகரிலிருந்து கூப்பிட்டு, "ஒரு வயசுதான சார், சரின்னு போட்டுருங்க" என்று கெஞ்சினார். முடியாது என்று வைத்துவிட்டான்.

அம்மாவும் ஜாதகத்தை இணைத்திருந்தாள். அதில் உண்மையான தேதி. படிவத்தில் பொய் சொன்னவளுக்கு ஜாதகத்தில் கை வைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

எப்படித்தான் உள்ளே நுழைந்தாள்?

முயற்சிகளின் பதிவைத் திறந்தான்.

காலை 10.52. வயது 42. பணம் கட்டும் பக்கம் திறக்கவில்லை.

11.09. மறுபடியும் 42. திறக்கவில்லை.

11.24க்கு ஒரு வயது குறைத்திருந்தாள். 11.38க்கு இன்னொன்று.

11.51. வயது 39. திறந்தது. அதற்குப் பிறகு இரகசிய எண்ணை இரண்டு முறை தப்பாகப் போட்டிருந்தாள். அப்பாவின் பென்ஷன் வரும் கணக்கு அது. மூன்றாம் முறைதான் பணம் போயிருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்கு மேல்.

தவறு என்று கண்டால் படிவம் எல்லாக் கட்டங்களையும் காலியாக்கிவிடும். நட்சத்திரம், ராசி, உயரம், படிப்பு, சம்பளம் எல்லாம் முதலிலிருந்து. அதைச் சரிசெய்யச் சொல்லிப் பக்கத்து மேசை ஜெசிந்தா சலித்துவிட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் தள்ளிக்கொண்டே வந்தான்.

'எதிர்பார்ப்பு' என்று ஒரு கட்டம் உண்டு.

முதல் தடவை எழுதியது: படித்த, வேலைக்குப் போகும், சிவந்த நிறமுள்ள பெண். முதல் மணம் மட்டும். மதுரைப் பக்கம் என்றால் நல்லது.

இரண்டாம் தடவை நிறம் போயிருந்தது.

மூன்றாம் தடவை வேலையும் மதுரையும் போயின.

நான்காம் தடவை: மறுமணம் என்றாலும் பரவாயில்லை.

கடைசியில்: எதுவும் இல்லை.

தட்டித் தட்டிக் கை வலித்திருக்கும், அதனால் சுருக்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டான். நம்ப முடியவில்லை.

உதவி எண்ணுக்கான போன் அடித்தது. ஜெசிந்தா எடுத்தாள்.

"சொல்லுங்கம்மா... பணம் வந்துருச்சு. நாங்க பார்த்து முடிச்சாத்தாம்மா ரசீது வரும். பதிவு நம்பர் சொல்லுங்க."

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"இருநூத்திப் பதினேழு சார். ஒரு அம்மா பையனுக்குப் போட்டிருக்காங்க, ரசீது கேக்குறாங்க. வயசு சரியா இருக்கா?"

சரி என்று ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியப் போவதில்லை.

விருதுநகர்க்காரர் கேட்டதும் அந்த ஒரு வார்த்தையைத்தான்.

"இல்ல. நாப்பத்திரண்டு" என்றான். "திருப்பி அனுப்பிடலாம்."

ஜெசிந்தா பக்குவமாகத்தான் சொன்னாள். நாலைந்து நாளில் பணம் வந்துவிடும் என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பணத்தைத் திருப்பும் பொத்தானை அழுத்தினான். காரணம் கேட்டது. எட்டுப் பேருக்கும் போட்ட அதே வாக்கியத்தைப் போட்டான். வேறு எழுத வரவில்லை. இந்த வேலையே வேண்டாம் என்று இருந்தது.

ஜெசிந்தா மறுபடி போனைப் பொத்தினாள்.

"சார், அடுத்த வருஷமாவது வயசு வரம்பை ஏத்துவாங்களான்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

சங்கத்தில் அப்படி ஒரு பேச்சை யாரும் எடுத்ததில்லை. எடுக்கப் போவதும் இல்லை.

"ஏத்துவாங்கன்னு சொல்லு" என்றான்.