அணிலுக்குக் கிடைத்த மூட்டை

மரங்கொத்தியிடம் பாடம் படித்துவந்த அணில், எறும்பிடம் கடனாக வாங்கிய தானியத்தைப் போன மழைக்காலத்தில் திருப்பித் தரவில்லை. பிறகு வேப்பம்பழம் பொறுக்கும் வேலைக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது. அதன்பின் வாரம் ஒரு நெல்மணி கடன் வாங்கி, தின்னாமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது.

"பைத்தியமாடா நீ? தின்னாம அப்படியே திருப்பிக் கொடுக்கவா கடன் வாங்குவாங்க?" என்று சிரித்தது காகம்.

"பேரு கெட்டுப்போச்சு. சரிபண்றேன்."

காகம் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. அதில் அதற்குப் பெருமை.

வானம் கறுத்தது. எறும்பு அணிலுக்கு ஒரு மூட்டை தானியம் கடனாகக் கொடுத்தது. காகத்துக்கு வயிறு எரிந்தது. அதன் கூட்டில் குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

"ஏமாத்தினவனுக்கு மூட்டை! யோக்கியன் எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"அவன் கெட்டதும் தெரியும், திருந்தினதும் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதே," என்றது எறும்பு. "எனக்குத் தெரிஞ்சவங்க யாராவது ஜாமீன் நின்னா தரேன்."

காகம் வெகுநேரம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அணிலின் கிளைக்குப் பறந்துபோய், மூட்டையைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தது.

"அணிலண்ணே, சாப்பிட்டாச்சா?"