படிக்கம்

நகர ஓவியக்கூடத்தை நிறுவிய ஜமீன்தார் தன் எண்ணெய் ஓவியத்தில் சாய்ந்து அமர்ந்திருக்கிறார். அவர் வெற்றிலை எச்சிலைத் துப்புவதற்குப் பித்தளைப் படிக்கத்தை ஏந்திக் குனிந்து நிற்பவர் அமுதவல்லியின் பூட்டன். படத்துக்குக் கீழே ஜமீன்தாரின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்யும் வேலைக்கு வந்த அவள், பூட்டனின் முகத்தை முதலில் தண்ணீரால் துடைத்து முடித்தாள். பிறகு பஞ்சை வாயில் நனைத்து ஜமீன்தாரின் முகத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் பார்க்க வந்த ஜமீன்தாரின் பேரன் பதறினார். "என்னம்மா இது, எச்சிலையா தடவுறே?"

"அழுக்கெடுக்க இதுதாங்க முறை. எல்லா நாட்டுலயும் இப்படித்தான் செய்வாங்க."

கூடத்தின் இயக்குநரும் ஆமென்று தலையாட்டினார்.

"அப்ப சரி. தாத்தா முகத்துல பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது."

"இருக்காதுங்க" என்று அடுத்த பஞ்சை வாயில் வைத்தாள். அந்த முகம் நேற்றே பளிச்சென்று ஆகிவிட்டிருந்தது.